நைல் நதிக்கரைக் குயில்

இசைக்கு வயப்படாத உயிர் இவ்வுலகில் இல்லை. அழுகின்ற குழந்தை தாலாட்டில் உறங்குகிறது. நாற்று நடுகின்ற பெண் பாட்டில் இடுப்பு வலியை மறக்கிறாள். நம் சங்கராபுரம் வட்டத்துச் சிற்றூர்களில் திரௌபதியம்மன் கோயிலில் கொடியேற்றிப் பாரதம் படிக்கத் தொடங்கிவிட்டால், இரவில் ஆரம்பிக்கின்ற கூத்து கிழக்கு வெளுக்கும் வரை நடக்கிறது. மறுநாள் கரும்பு வெட்டப் போக வேண்டியவரும், கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவரும் பக்கத்துப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்து விடிய விடியக் கேட்கின்றனர். கட்டியங்காரனின் பேச்சுக்குச் சிரித்த அதே மக்கள், பாஞ்சாலியின் புலம்பலுக்குக் கண்ணீர் விடுகின்றனர். படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு அந்த மண்தரையில் இல்லை.

இப்படி ஓர் ஊரை அன்று, மேற்கே மொராக்கோ முதல் கிழக்கே ஈராக் வரை ஒரு மொழி பேசும் மக்கள் அனைவரையும், மாதத்தில் ஓர் இரவு உறங்கவிடாமல் வைத்திருந்தார் ஒரு பெண்மணி. அவரும் நம்மைப் போல் ஒரு சிற்றூரில் பிறந்தவரே. மண்சுவர் வீட்டில் வளர்ந்தவரே. எகிப்து நாட்டு இசைப் பேரரசி உம்மு குல்தூம் அம்மையாரே அவர்.

எங்கள் தெருவில் குவைத்தில் பல்லாண்டுகள் கார் ஓட்டிவிட்டுத் திரும்பிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். மாலை வேளைகளில் திண்ணையில் அமர்ந்து ஏதோ ஒரு பாட்டை முணுமுணுப்பார். என்ன பாட்டு ஐயா என்று ஒருநாள் கேட்டேன். அங்கே தேநீர்க் கடைகளில் இரவு பத்து மணிக்கு மேல் ஓர் அம்மாவின் பாட்டு வைப்பார்கள். ஒரே பாட்டு ஒருமணி நேரம் ஓடும். பொருள் பாதிதான் புரியும், ஆனால் ஊர் நினைவு வந்து தொண்டை அடைத்துக்கொள்ளும் என்றார். பொருள் புரியாத பாட்டு, சங்கராபுரத்துக்காரர் ஒருவரை ஏன் அழவைக்க வேண்டும்? இந்த வினாவே அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது. படித்ததை நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிற்றூரில் பிறந்த செல்வம்

எகிப்தின் வடபகுதியில் நைல் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலோடு கலக்கிறது. நம் காவிரிக் கழிமுகத்தைப் போன்ற அச்செழுமையான நிலத்தில், தக்கலிய்யா மாவட்டத்தில், தமாய் அல்ஸஹாயிரா என்று ஒரு சிற்றூர் உள்ளது. பருத்தியும் கோதுமையும் விளையும் ஊர். அங்குள்ள பள்ளிவாசலில் இமாமாக இருந்தவர் இப்ராகீம். அவருடைய மகளாகப் பிறந்தவரே உம்மு குல்தூம். பிறந்த ஆண்டு 1898 என்பர் சிலர். 1904 என்பர் வேறு சிலர். ஏழை வீட்டுப் பெண் குழந்தையின் பிறந்தநாளை யார் ஒழுங்காகக் குறித்துவைத்தார்கள்? நம் பாட்டிமார்களுக்கும் பிறந்த ஆண்டு தெரியாதல்லவா? நபிகள் நாயகத்தின் மகளார் ஒருவரின் பெயரையே தந்தை தம் மகளுக்குச் சூட்டினார்.

இமாமுக்குக் கிடைத்த வருவாய் குடும்பத்துக்குப் போதவில்லை. ஆகவே திருமண வீடுகளிலும் விழாக்களிலும் நபிகளின் புகழைப் பாடும் பக்திப் பாடல்களைப் பாடி அவர் சிறிது பொருள் ஈட்டினார். தமக்குத் துணையாக மகன் காலிதுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். பெண் குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எழவில்லை. ஆனால் அறையின் மூலையில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமி எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டாள். ஒருநாள் மகள் தனியே பாடுவதைக் கேட்ட தந்தை திகைத்துப் போனார். மகனுக்குக் கற்பித்ததெல்லாம் மகளின் தொண்டையில் அல்லவா குடியேறியிருந்தது!

முதன்முதலில் பிறர் முன் பாடச் சொன்னபோது சிறுமி மறுத்தாள் என்றும், பாலில் செய்த இனிப்புத் தருவதாகச் சொன்ன பிறகே பாடினாள் என்றும் சொல்வார்கள். எவ்வாறாயினும், அன்று தொடங்கிய பாட்டு அதன்பின் நிற்கவில்லை. ஊர் ஊராக அழைப்பு வந்தது. தந்தையும் அண்ணனும் மகளும் கால்நடையாகவும், கழுதை மீதும், இரயிலில் மூன்றாம் வகுப்பிலும் பயணம் செய்தார்கள். சில ஆண்டுகளில் குடும்பத்தின் அடுப்பு அந்தச் சிறுமியின் குரலால் எரியத் தொடங்கியது.

ஆனால் தந்தையின் நெஞ்சில் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. இமாமின் மகள் அந்நிய ஆடவர் முன் நின்று பாடுவதா? பாடாவிட்டால் சோறு இல்லை. பாடினால் ஊர் பேசும். இந்த இக்கட்டுக்கு அவர் கண்ட வழி விந்தையானது. மகளுக்கு ஆண்பிள்ளையின் நீண்ட மேலங்கியை அணிவித்து, தலையில் நாடோடி அரபுச் சிறுவர்களைப் போல் துணி கட்டி மேடையில் நிறுத்தினார். பல ஆண்டுகள் அந்தக் கோலத்திலேயே அவர் பாடினார். பெண்ணாகப் பிறந்த குற்றத்துக்காகத் தன் உருவத்தையே மறைத்துக்கொண்டு, குரலை மட்டும் உலகுக்குக் காட்டிய அந்தப் பிஞ்சு உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

சிற்றூரின் ஓதும் பள்ளியில் அவர் சில காலம் படித்தார். திருக்குர்ஆனை முறையாக ஓதக் கற்றதே அவர் பெற்ற முதல் இசைப் பயிற்சி. எந்த எழுத்து தொண்டையின் எந்த இடத்தில் பிறக்க வேண்டும், எங்கே மூச்சை நிறுத்த வேண்டும், எந்த அசையை நீட்ட வேண்டும் என்பதற்கெல்லாம் அந்த ஓதுமுறையில் திட்டமான இலக்கணம் உண்டு. பிற்காலத்தில் அவர் பாட்டில் ஒரு சொல்கூடச் சிதையாமல் கடைசி வரிசையில் இருப்பவர் செவிக்கும் எட்டியது என்றால், அதற்கு அடித்தளம் அந்தச் சிற்றூர்ப் பள்ளியில் போடப்பட்டது. நம் ஓதுவார்கள் தேவாரத்தைப் பண் பிறழாமலும் சொல் பிறழாமலும் ஓதிப் பழகுவதை இதனோடு ஒப்பிடலாம்.

நகரம் நகைத்தது

அந்நாளில் பெரும்புகழ் பெற்றிருந்த பாடகர் ஷேக் அபுல் இலா முகம்மது அச்சிறுமியின் பாட்டைக் கேட்டு வியந்து, கெய்ரோ நகரத்துக்கு வருமாறு வற்புறுத்தினார். 1923-ஆம் ஆண்டளவில் குடும்பம் கெய்ரோவில் குடியேறியது. ஷேக் அவருக்கு ஆசானானார். பாட்டின் பொருளை முழுதும் உணராமல் வாயைத் திறக்கக் கூடாது என்பதே அவரிடம் கற்ற முதற்பாடம். 1927-இல் ஆசான் மறைந்தார், பாடம் மறையவில்லை.

தலைநகரம் புதியவரை மாலையிட்டு வரவேற்கவில்லை. அப்போது மேடையரசியாக விளங்கியவர் முனீரா அல்மஹ்திய்யா. பளபளக்கும் உடையும் நாடகக் குழுவும் அவரிடம் இருந்தன. உம்மு குல்தூமிடம் இருந்தவை ஒரு பழைய மேலங்கியும், பின்பாட்டுப் பாடத் தந்தையும் அண்ணனும் அடங்கிய குழுவும் மட்டுமே. இசைக்கருவி ஒன்றுகூட இல்லை. இதழ்களில் எழுதியோர் குரலைப் பாராட்டினாலும் கோலத்தை எள்ளினர். உழவர் வீட்டுப் பெண்ணின் நடை, பேச்சு, உணவுமுறை எல்லாம் நகைப்புக்கு உள்ளாயின. ஓர் இதழ் அவர் மீது அவதூறே எழுதியது. மனம் நொந்த தந்தை மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப முடிவு செய்தார். நண்பர்கள் சமாதானம் சொல்லித் தடுத்திராவிட்டால், இந்தக் கதை அன்றே முடிந்திருக்கும்.

நண்பர்களே, சிற்றூரிலிருந்து பேருந்து ஏறிக் கல்லூரிக்கு வருகின்ற நம்மில் பலருக்கு இந்த அனுபவம் புதிதன்று. நம் பேச்சில் ஊர்வாடை வீசுகிறது என்று பிறர் சிரிக்கும்போது நமக்கு இரண்டு வழிகள் தோன்றுகின்றன. ஒன்று, ஊரை மறைத்துக்கொள்வது. மற்றொன்று, நகரத்தைப் பகைத்துக்கொள்வது. உம்மு குல்தூம் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டார். நகரம் கற்றுத்தர வேண்டியவற்றை எல்லாம் கற்றார். ஊர் கற்றுத்தந்தவற்றில் ஒன்றையும் விடவில்லை.

உயர்குடிப் பெண்டிரின் பழக்கவழக்கங்களைக் கூர்ந்து கவனித்துத் தம் நடையுடையைத் திருத்திக்கொண்டார். ஊத் என்னும் நரம்புக் கருவியை வாசிக்கப் பழகினார். பாரிசில் பயின்று 1924-இல் தாயகம் திரும்பிய கவிஞர் அகமது ராமி அவருக்குக் கவிதை இலக்கியத்தைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தார். அந்தக் கவிஞர் பின்னர் அவருக்காக நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் எழுதினார். உமர் கய்யாமின் பாடல்களைப் பாரசீக மொழியிலிருந்து நேரே அரபுக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

1926-ஆம் ஆண்டு ஒரு கடினமான முடிவை எடுக்க நேர்ந்தது. தந்தையையும் அண்ணனையும் பின்பாட்டிலிருந்து நீக்கிவிட்டு, கானூன், வயலின், ஊத் ஆகியவற்றில் தேர்ந்த வித்துவான்களை அமர்த்திக்கொண்டார். மேலங்கி போய் நாகரிகமான பெண்ணுடை வந்தது. மேடை உயர்ந்தது, புகழும் உயர்ந்தது. ஆனால் தோளில் கைபிடித்து ஊர் ஊராக அழைத்துச் சென்ற தந்தையிடம், இனி மேடையில் உங்களுக்கு இடமில்லை என்று சொல்வது எந்த மகளுக்கு எளிது? இதனை நன்றி மறத்தல் என்று சிலர் கூறலாம். கலைக்குச் செய்த கடமை என்று வேறு சிலர் கூறலாம். எனக்கோ இரண்டும் கலந்ததாகவே தோன்றுகிறது. ஏற்றம் எதுவும் விலையின்றிக் கிடைப்பதில்லை. அவ்விலையைச் சில வேளை நம்மை ஏற்றிவிட்டவர்களே செலுத்த நேர்கிறது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்துள்ள நாம் இதை மறக்கக்கூடாது.

கெய்ரோவில் கூடிய இசை மாநாடு

அவர் வளர்ந்த காலத்தின் சூழலையும் சிறிது அறிய வேண்டும். 1932-ஆம் ஆண்டு மார்ச்சு, ஏப்ரல் திங்களில் கெய்ரோ நகரில் மன்னர் புவாத் ஆதரவில் அரபு இசை மாநாடு ஒன்று கூடியது. மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, ஈராக்கு, சிரியா முதலிய நாடுகளிலிருந்து இசைக் குழுவினர் வந்தனர். ஐரோப்பாவிலிருந்து பேலா பார்டோக், ஹிண்டமித் போன்ற இசைமேதைகளும் வந்தனர். பாக்தாதின் பாட்டும் வட ஆப்பிரிக்காவின் பாட்டும் ஒரே நகரில் ஒலித்தன, இசைத்தட்டுகளிலும் பதிவாயின. ஸ்பெயின் நாட்டை அரபுகள் ஆண்ட காலத்தில் மலர்ந்து, அவர்கள் அங்கிருந்து வெளியேறியபோது வட ஆப்பிரிக்காவுக்கு வந்து தங்கிய ஆந்தலூசிய இசையும் அவற்றுள் ஒன்று.

அரபு இசையில் நம் இராகத்துக்கு நிகரானது மகாம். நம் இசையில் கமகத்தால் தொட்டுக்காட்டும் நுண்சுருதிகள் இருப்பதுபோல், அவர்களுக்கு அரைச்சுரத்துக்கும் இடைப்பட்ட கால்சுரங்கள் உண்டு. பியானோவில் அவை பிறவா. ஆகவே மாநாட்டில் ஒரு பெரும் வாதம் எழுந்தது. மேனாட்டுக் கருவிகளைப் புகுத்தி இசையைப் புதுமை செய்ய வேண்டும் என்று எகிப்தியர் பலர் விரும்பினர். பழமையைக் கெடுக்காமல் காக்க வேண்டும் என்று ஐரோப்பிய அறிஞர் பலர் வேண்டினர். நம் நாட்டிலும் இதே வாதம் நடந்ததை நினைவுகூரலாம். நம் இசைக்கு ஒவ்வாதது என்று கூறி 1940-ஆம் ஆண்டு அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. சென்னையில் 1927-இல் கூடிய அகில இந்திய இசை மாநாட்டின் பயனாக 1928-இல் மியூசிக் அகாதெமி தோன்றியதையும், 1943-இல் தமிழிசைச் சங்கம் பிறந்ததையும் எண்ணிப் பார்த்தால், அடிமைப்பட்டிருந்த நாடுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே காலத்தில் தத்தம் இசை எது என்று தேடத் தொடங்கின என்பது விளங்கும்.

வல்லுநர்கள் தீர்மானங்கள் எழுதினர். உம்மு குல்தூமோ மேடையில் விடை கண்டார். வயலின்களைப் பெருக்கினார், செல்லோவைச் சேர்த்தார், பிற்காலத்தில் மின்சாரக் கித்தாரையும் விலக்கவில்லை. ஆனால் மகாமின் உயிரையோ, சொல்லின் தெளிவையோ, மேடையிலேயே கற்பனை செய்து பாடும் மரபையோ எந்தக் கருவிக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை இரவு

1934-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் எகிப்து அரசு வானொலி தொடங்கப்பட்டது. தொடக்க நாளன்றே அவர் பாடினார். அதன்பின் ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை இரவு அவருடைய கச்சேரி நேரடியாக ஒலிபரப்பாகும் வழக்கம் ஏற்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வழக்கம் நீடித்தது. அன்றிரவு கெய்ரோ, டமாஸ்கஸ், பாக்தாத் நகரத் தெருக்கள் வெறிச்சோடிப் போகும். வானொலிப் பெட்டி இல்லாதவர்கள் காப்பிக் கடைகளில் கூடுவார்கள். சிற்றூர்களில் ஊர்த்தலைவர் வீட்டு முற்றத்தில் ஒரு பெட்டியைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருக்கும். நம் ஊராட்சி மன்ற வானொலியைச் சுற்றி ஒரு காலத்தில் மக்கள் கூடியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

ஓர் இரவில் அவர் பாடுவது இரண்டு அல்லது மூன்று பாடல்களே. எழுதியபடி பாடினால் அரைமணியில் முடியக்கூடிய பாடல் ஒன்றரை மணி நேரம் வளரும். காரணம் என்ன? அவர் ஓர் அடியைப் பாடுவார். அவையோர் ஆர்ப்பரித்து மறுபடியும் என்று கேட்பர். அதே அடியை வேறொரு சாயலில் பாடுவார். மீண்டும் ஆர்ப்பரிப்பு, மீண்டும் புதியதொரு சாயல். நம் வித்துவான்கள் ஒரே வரியை எடுத்து நிரவல் செய்யும்போது, முதல்முறை கேட்ட சொல்லே நான்காம் முறை வேறு பொருள் தருவதில்லையா? அதுவே இது. பாட்டுக்கும் கேட்பவருக்கும் இடையே பிறக்கும் அந்தப் பரவசத்தை அரபுகள் தரப் என்று அழைக்கின்றனர். வலக்கையில் ஒரு கைக்குட்டையைப் பற்றிக்கொண்டு அசையாமல் நின்று பாடும் அவர் உருவம் ஒரு சிலை போலிருக்கும். குரல் மட்டுமே நடமிடும்.

கவிஞர்களையும் இசையமைப்பாளர்களையும் தேர்ந்தெடுப்பதில் அவர் கண்டிப்பானவர். முகம்மது அல்கசப்ஜி புதுமையான மெட்டுகளைத் தந்தார். ஷேக் சக்கரிய்யா அகமது, கவிஞர் பைராம் அத்தூனிசியின் பேச்சுமொழிப் பாடல்களுக்கு மண்வாசனை கமழ இசையமைத்தார். ரியாத் அஸ்ஸுன்பாத்தி செய்யுள் நடைக் கவிதைகளுக்குக் கம்பீரமான இசை தந்தார். கவியரசர் அகமது ஷவ்கியின் நபிபுகழ்க் கவிதைகளை 1946-இல் அம்மையார் பாடியபோது, எழுத்தறியா உழவர்களும் இலக்கிய அரபை மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினர். அறிஞர்களின் நூலகத்தில் இருந்த கவிதை வண்டிக்காரர்களின் நாவுக்கு வந்தது. இது அவர் செய்த பெருந்தொண்டு. கொடுமுடியில் பிறந்து, இரயிலில் பாடிய சிறுமியாக வாழ்வைத் தொடங்கிய நம் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் பழந்தமிழைப் பாமரர் செவிக்குக் கொண்டுசேர்த்த தொண்டினை இது நினைவூட்டுகிறது. 1936 முதல் 1947 வரை ஆறு திரைப்படங்களிலும் உம்மு குல்தூம் நடித்தார். 1945-இல் இசைவாணர் சங்கத்தின் தலைவர் பொறுப்பையும் ஏற்றார்.

குறைகளே இல்லாதவர் என்று அவரைக் காட்டுவது வரலாற்றுக்கு அழகன்று. பணவகையில் அவர் கறாரானவர். ஊதியம் பற்றிய வழக்கில் சக்கரிய்யா அகமதுவோடு பல்லாண்டுகள் பிணங்கியிருந்தார். 1960-இல்தான் இருவரும் சமாதானமாயினர். அந்த ஆண்டு அவர் தந்த ஒரு பாடல் மக்களைக் கொள்ளை கொண்டது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். வீணாகிய ஆண்டுகளில் பிறக்காமற்போன பாடல்கள் எத்தனையோ! அல்கசப்ஜியின் மெட்டுகளை ஒரு காலத்துக்குப்பின் அம்மையார் ஏற்கவில்லை. எனினும் அந்த மேதை 1966-இல் இறக்கும் வரை, அவருடைய குழுவில் ஊத் வாசிப்பவராகவே அமர்ந்திருந்தார்.

தாயகத்தின் குரல்

1944-இல் மன்னர் பாரூக்கு அவருக்கு நாட்டின் உயர்ந்த விருதொன்றை அளித்தார். 1952-இல் புரட்சி வந்தது, மன்னராட்சி வீழ்ந்தது. மன்னர் முன் பாடியவர் என்ற காரணத்தால் வானொலியில் அவர் பாட்டு சிறிது காலம் நிறுத்தப்பட்டது என்றும், செய்தி அறிந்த நாசர் தலையிட்டு அத்தடையை நீக்கினார் என்றும் கூறுவர். நாசர் தாமே அவருடைய பெரிய இரசிகர். 1956-இல் சூயசுக் கால்வாய்ப் போரின்போது அம்மையார் பாடிய போர்ப்பாடல் ஒன்று 1960 முதல் 1979 வரை எகிப்தின் தேசிய கீதமாகவே விளங்கியது.

இசையமைப்பாளர் முகம்மது அப்துல் வகாபும் அவரும் நெடுங்காலம் போட்டியாளர்களாகவே கருதப்பட்டவர்கள். 1964-இல் இருவரும் முதன்முறையாக இணைந்தபோது பிறந்த இன்த்த உம்ரீ என்னும் பாடல் அரபுலகையே ஆட்கொண்டது. 1966-இல் வெளிவந்த அல்அத்லால் என்னும் பாடலை அவருடைய சிகரம் என்று போற்றுவோர் பலர். நம் நாட்டோடும் ஓர் உறவு உண்டு. ஒன்றுபட்ட இந்தியாவில் வாழ்ந்த மகாகவி இக்பாலின் கவிதையை அரபு மொழிபெயர்ப்பில் 1967-இல் அவர் பாடினார்.

அந்த 1967-ஆம் ஆண்டு சூன் திங்கள், ஆறே நாட்களில் எகிப்து போரில் தோற்றது. நாடு நிலைகுலைந்தது. அப்போது ஒரு கடுமையான பழி எழுந்தது. இரவெல்லாம் இவர் பாட்டில் மயங்கிக் கிடந்ததால்தான் இனம் செயலிழந்தது என்று சிலர் எழுதினர். ஒரு கலைஞருக்கு இதைவிடப் பெரிய அடி வேறென்ன உண்டு? வாழ்நாள் முழுவதும் கட்டியெழுப்பியது மருந்தா, மயக்கமா என்ற வினா அவர் முன் நின்றது.

அவர் மறுப்புக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கவில்லை. அறுபது வயதைக் கடந்தவர், கண்ணோயால் கருப்புக் கண்ணாடி அணிந்தவர், உடல் நலிந்தவர். அந்நிலையில் பயணம் புறப்பட்டார். எகிப்தின் நகரங்களில் பாடி நிதி திரட்டினார். பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் பாரிசு நகரின் ஒலிம்பியா அரங்கில் இரண்டு இரவுகள் பாடினார். அங்கே வேலை தேடிச் சென்றிருந்த வட ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் திரண்டு வந்து கேட்டனர். பின்னர் மொராக்கோ, துனிசியா, சூடான், குவைத்து, லிபியா என்று நாடு நாடாகச் சென்றார். கிடைத்த பொருளைத் தாயகத்துக்கே அளித்தார். ஆண் வேடமிட்டுக் கழுதை மீது ஊர் ஊராகச் சென்ற அச்சிறுமி, இப்போது ஒரு நாட்டின் தூதராக விமானத்தில் நாடு நாடாகச் சென்றார். ஊர்தி மாறியது, உழைப்பு மாறவில்லை.

பழி கூறியோருக்கு இது முழு விடையாகுமா? ஆகாது. பாட்டினால் போர் வெல்ல முடியாது. ஆனால் தோற்ற மக்கள் தலை குனிந்து வீட்டுக்குள் அடைந்துவிடாமல், ஓரிடத்தில் கூடி, தாம் இன்னும் ஒரே மக்கள் என்பதை உணரச் செய்யப் பாட்டினால் முடியும். அதை அவர் செய்து காட்டினார்.

மக்கள் சுமந்த பெட்டி

1954-இல் அவர் மருத்துவர் ஹசன் அல்ஹஃப்னாவியை மணந்தார். 1973 வரை பாடிய அவர் சிறுநீரக நோயால் துன்புற்று, 1975-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் கெய்ரோவில் மறைந்தார். இறுதி ஊர்வலத்தில் மக்கள் இலட்சக்கணக்கில் திரண்டனர். 1969-இல் அறிஞர் அண்ணாவின் இறுதி ஊர்வலத்தில் சென்னை கண்ட மக்கள் கடலை அறிந்தவர்களுக்கு அக்காட்சியை விளக்கத் தேவையில்லை. அரசு வகுத்த வழியில் ஊர்வலம் செல்லவில்லை. மக்கள் உடலைத் தாங்கிய பெட்டியைத் தங்கள் தோளுக்கு மாற்றிக்கொண்டனர். அவர் விரும்பித் தொழுத ஹுசைன் பள்ளிவாசலுக்குத் தாங்களே மணிக்கணக்கில் சுமந்து சென்றனர். அரசின் விருந்தாளியாக அன்று, தம் வீட்டுப் பெண்ணாகவே அவரை வழியனுப்பினர்.

கெய்ரோவில் அவர் வாழ்ந்த வீடு இன்று இல்லை, இடிக்கப்பட்டுவிட்டது. நைல் ஆற்றின் ரோதா தீவில் 2001-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் அவருடைய உடைகளும் கருப்புக் கண்ணாடியும் கைக்குட்டையும் வைக்கப்பட்டுள்ளன. 1992 முதல் கெய்ரோவின் இசைநாடக அரங்கம் அரபு இசை விழாவினை நடத்தி வருகிறது. மரபுப் பாடகரும் புதுமைப் பாடகரும் அந்த மேடையில் பாடுகின்றனர். 1932-இல் ஏட்டில் நடந்த வாதம், இன்று பாட்டாக நடக்கிறது. புதிதாகப் பாட வருபவர் எவராயினும், அம்மையாரின் பாடல் ஒன்றைப் பாடிக் காட்டியே தம் திறமையை மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது.

நாம் கொள்ள வேண்டியது

மீண்டும் எங்கள் தெருப் பெரியவரின் திண்ணைக்கு வருகிறேன். பொருள் முழுதும் புரியாத பாட்டு அவரை ஏன் அழவைத்தது? பெருநகரத்தின் உச்சிக்குச் சென்ற பிறகும் அக்குரல் தன் ஊரை மறக்கவில்லை. வயிற்றுப் பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவரின் ஏக்கம் அதில் இருக்கிறது. ஏக்கத்துக்கு எந்த மொழியானால் என்ன? நைல் கரைக்கும் மணிமுத்தாற்றின் கரைக்கும் அதில் வேறுபாடு இல்லை.

நம் வட்டாரத்திலும் எத்தனை குரல்கள் இருக்கின்றன! நடவுப் பாட்டுப் பாடும் தாய்மார்கள், ஒப்பாரி பாடும் பாட்டிமார்கள், கூத்தில் பெண்வேடமிட்டு விடிய விடியப் பாடும் கலைஞர்கள், கல்வராயன் மலைமக்களின் பாடல்கள். அங்கே பெண் ஆண்வேடமிட்டாள். இங்கே ஆண் பெண்வேடமிடுகிறான். இந்தக் குரல்களுள் எத்தனையைப் பதிவு செய்தோம்? எத்தனை பேரிடம் உட்கார்ந்து கேட்டோம்? சட்டைப்பையில் ஒலிப்பதிவுக் கருவியோடு திரிகின்ற தலைமுறை நாம். ஆயினும் சொந்தப் பாட்டியின் பாட்டு நம்மிடம் இல்லை என்றால், குறை யாருடையது?

மகனுக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டை மூலையிலிருந்து ஒரு மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். தந்தை ஒருநாள் காது கொடுத்ததால் உலகுக்கு ஓர் இசைப் பேரரசி கிடைத்தாள். நம் வீட்டு மூலைகளில் இன்று யார் பாடிக்கொண்டிருக்கிறார்கள்? விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது அதைக் கேட்டு வருவோம். அதுவே அவ்வம்மையாருக்கு நாம் செய்யும் அஞ்சலியாகும்.